பல் தெரிகிற படம்

என் சிரிப்புக்காரி மாதக்காவுக்கு,

நான் இப்போது எங்கே உட்கார்ந்து இதை எழுதுகிறேன் தெரியுமா? நீ படுத்தபடியே போனில் திரும்பத் திரும்பப் பார்த்தாயே, அந்த மொட்டை மலைகளுக்கு நடுவில். ஊர் பெயர் காசா. இமயமலையில் மழை எட்டாத பக்கம். மரம் மட்டை ஒன்றும் கிடையாது, மண்ணும் கல்லும்தான், உச்சியில் மட்டும் பனி. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. அரூரிலிருந்து நம் பழைய ஆல்டோவையே ஓட்டிக்கொண்டு வந்தேன். தனியாக. நீ நம்ப மாட்டாய், ஆனால் வண்டியின் கதவில் அப்பியிருக்கிற சேறு இந்த ஊர்ச் சேறுதான்.

கிளம்பும்போது கேட்காத ஆள் இல்லை. "பொம்பள ஒத்தையில அவ்ளோ தூரம் போலாமாங்க?" என்று எங்கள் பள்ளிக்கூட வாட்ச்மேன் வரைக்கும் கேட்டார். "தெனம் வேன் நெறைய புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறேன், அப்ப யாரும் கேக்கல. இப்ப ஒத்த உசுருக்கு இம்மாம் விசாரணையா?" என்றேன். பள்ளி கோடை விடுமுறை விட்டதும், ராகி மாவு, நொய், புளி, ஒரு சின்ன கேஸ் அடுப்பு, இவற்றோடு கிளம்பிவிட்டேன்.

வருகிற ஆனி வந்தால் நீ போய் ஒரு வருஷம். அதற்குள் ஊர் திரும்பிவிடுவேன். திரும்பியதும் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலைக்காகத்தான் இந்தப் பயணமே என்று சொன்னால் உனக்குப் புரியாது. முதலிலிருந்து சொல்கிறேன்.

உன்னை அடக்கம் செய்த அன்று காலையில் உங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி, உன் பெயர், உன் படம், கீழே உன் வீட்டுக்காரர் மாமா, உன் மகள் நித்யா, நான், எல்லோருடைய படங்களும் வட்டம் வட்டமாக. நான் காரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். சேலை உன்னுடையது, மூக்குத்தி உன்னுடையது. பல் மட்டும் வேறு யாருடையதோ. பற்பசை விளம்பரத்தில் வருகிற பெண்ணுக்கு இருக்குமே, அப்படி ஒரு பல்வரிசை. அக்கா, உன் சாவுக்கு வந்த நான் அந்த இடத்தில் அழவில்லை. கோபம்தான் வந்தது.

நம் பக்கத்துத் தண்ணீரை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். தர்மபுரி மாவட்டத்தில் நிலத்தடித் தண்ணீரில் புளோரைடு அதிகம். குழந்தைப் பருவத்தில் அதைக் குடித்து வளர்ந்தால் முளைக்கிற பல்லே பழுப்புக் கோடுகளோடு முளைக்கும். எத்தனை விளக்கினாலும் போகாது. வருஷக்கணக்கில் குடித்தால் சிலருக்கு எலும்பையும் பிடிக்கும், முட்டி மடங்காது, முதுகு நிமிராது. மொரப்பூர் பக்கத்தில் நாம் பிறந்த ஊரிலும் அந்தத் தண்ணீர்தான், காரிமங்கலம் பக்கத்தில் நீ வாழ்க்கைப்பட்ட ஊரிலும் அந்தத் தண்ணீர்தான். இப்போது குழாயில் காவிரி வருகிறது. என் வேனில் ஏறுகிற பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் வெள்ளை. அதுகள் வாயைப் பிளந்து சிரிப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுவேன்.

நீ அப்படிச் சிரித்ததே இல்லை. சிரிப்பு வருவதற்கு முன்னால் முந்தானை வந்துவிடும். கல்யாணப் படத்தில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு, யாரோ திட்டிய மாதிரி நிற்பாய். நானும் அப்படித்தான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் சிரிக்கட்டுமே" என்பார்கள். சிரிப்பேன். போய்விடுவார்கள். ஒரு கட்டத்தில், இனி யாருக்காகவும் சிரிக்கப் போவதில்லை என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று உனக்குத் தெரியும்.

பிளக்ஸில் இருந்த படத்தை எடுத்தவள் நான்தான். ஞாபகம் இருக்கிறதா? உனக்குத் தோள் பிடித்துக்கொண்ட பிறகு எடுத்தது. கழுத்தும் திரும்பாது, கையும் மேலே போகாது. உன் கண்ணுக்கு நேராகப் போனை ஒரு ஸ்டாண்டில் நிறுத்திவைப்போம். பைக்கில் தனியாகப் பாலைவனம், மலை என்று சுற்றுகிற பையன்களின் வீடியோவை நாள் முழுக்கப் பார்ப்பாய். ஒரு நாள் நான் உன் கால்மாட்டில் நின்று போனைப் பார்த்து இந்தி பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். "முஜே பானி சாஹியே" என்று பெட்ரோல் பங்க் ஆளிடம் அதட்டுகிற மாதிரிச் சொன்னேன்.

"ஏண்டி, தண்ணி கேக்கறியா, தண்ணிக்கு வரி கேக்கறியா?" என்றாய் நீ. உன் சொல்லுக்கு உனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பழக்கத்தில் கை எழப் பார்த்தது, எழவில்லை. அப்போதுதான் அக்கா, இத்தனை வயதுக்கு நான் உன் சிரிப்பை முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். மேல்பல், கீழ்பல், எல்லாம் தெரிய, கண்ணில் தண்ணீர் வர. சட்டென்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன். நீ அதைப் பார்த்துவிட்டு "அழிச்சிடுடி" என்றாய். நான் அழிக்கவில்லை.

சாவுக்குப் படம் கேட்டார்கள், நித்யா போனுக்கு அந்தப் படத்தைத்தான் அனுப்பினேன். அதைத்தான் வெள்ளை அடித்துவிட்டார்கள்.

காரியம் முடிந்ததும் காரிமங்கலத்தில் அந்த பிளக்ஸ் கடைக்குப் போனேன். சந்தை நாள், தெருவில் நடக்க வழியில்லை. கடைக்காரர் கம்ப்யூட்டரில் யாருடைய காதுகுத்துக்கோ படம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க அக்கா பல்ல யாருங்க வெள்ளை பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க்கா. நம்ம பக்கம் எல்லாருக்கும் அப்பிடித்தான் பண்றது. கலியாணம், காதுகுத்து, சாவு, எதுவா இருந்தாலும் பல்லுக்கு ஒரு டச்சப் குடுத்துட்டுதான் பிரிண்டுக்கே அனுப்புவோம். குடுக்காம வுட்டா சண்டைக்கு வர்றாங்க."

"டச்சப் குடுத்ததுக்கு நான் சண்டைக்கு வந்திருக்கேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு புறங்கையை வாய்க்குக் கொண்டுபோனார். அவர் பல்லும் நம் பல்தான். அதற்கு மேல் அவரை என்ன திட்டுவது? அவர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்திருக்கிறார். ஊரே ஊருக்குச் செய்கிற மரியாதை அது. வருஷ நினைவுக்கு நான் வருவேன், அன்றைக்கு இந்தப் படத்தை இருக்கிற மாதிரியே போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தச் சேதி மாமா காதுக்குப் போனது, இந்தப் பயணத்தைச் சொல்லிக்கொள்ளப் போனபோது பிடித்துக்கொண்டார். உன் வீட்டுக்காரரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கோபம் வந்தால் தரையைப் பார்த்துத்தான் பேசுவார்.

"நித்யாவுக்கு மாப்ள பாக்கற நேரம் இது. ஆத்தாக்காரி பல்ல ஊரு முச்சூடும் காட்டணுமா? பொண்ணு பல்லையும் உத்துப் பாப்பாங்க. எம்பொண்ணு பொழப்புல மண்ணு வுழணுமா ராஜி?"

"மண்ண போட்டது தண்ணி மாமா. நானில்ல."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு அவ வூட்டுலயே உக்காந்துகிட்டா உம்பேச்சு வந்து சோறு போடுமா?"

வீட்டிலேயே உட்கார்ந்துகொண்ட பெண்ணிடம் அவர் அதைக் கேட்கிறார் என்பது அவருக்கே உறைக்கவில்லை. ஆனாலும் அவர் கேட்டதில் தப்பும் இல்லை. நித்யா கதவோரம் நின்றிருந்தாள். உன் மகள், உன் மூக்கு, உன் பல். தரகர் போனுக்கு அனுப்பிய அவள் படத்திலும் பல்லுக்கு டச்சப் கொடுத்திருந்தார்கள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கிளம்பும்போது மட்டும் வெளியே வந்து, "நீங்க போய்ட்டு வாங்க சித்தி, அப்பறம் பேசிக்கலாம்" என்றாள், வாயில் கையை வைத்தபடி.

அவள் சம்மதிக்காமல் உன் படத்தை நான் பஸ் நிறுத்தத்தில் ஏற்ற முடியுமா? உனக்கு நியாயம் செய்கிறேன் என்று உன் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தால் அது என்ன நியாயம்? அந்தக் கேள்வியை இடதுபக்க சீட்டில் உட்காரவைத்துக்கொண்டுதான் ஓசூரைத் தாண்டினேன்.

பெங்களூரைத் தாண்டுவதற்குள் பாதி உயிர் போயிற்று. பிறகு ஹூப்ளி, புனே, குஜராத் என்று ரோடு போய்க்கொண்டே இருந்தது. எனக்கும் கழுத்து பிடிக்க ஆரம்பித்துவிட்டது, அக்கா. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். ரிவர்ஸ் எடுக்கும்போது தலையை மட்டும் திருப்ப முடியவில்லை, உடம்பையே திருப்ப வேண்டியிருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது திரும்பாது என்றார். அப்படியானால் திரும்புகிறபோதே நாலு இடத்தைத் திரும்பிப் பார்த்துவிட வேண்டும் இல்லையா? நீ ஆசைப்பட்ட இடங்களை நீ பார்க்கவில்லை. நான் பார்க்காமல் விடப் போவதில்லை.

ராஜஸ்தானில் நாகௌர் பக்கம் போனேன். ஏன் தெரியுமா? ஒரு நாள் நீ வீடியோவை நிறுத்தச் சொன்னாய். அந்த பைக் பையன் பாலைவனத்து ஊர் ஒன்றில் ஆட்டுக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தான். "அந்தாளு பல்ல பாருடி. நம்ம பங்காளிங்க அங்கயும் இருக்காங்க" என்றாய். அன்றிலிருந்து யார் வந்தாலும், "எங்க பங்காளி வூடு பாலைவனத்துல இருக்குது, ஒரு நாளு போயி விருந்தாடிட்டு வரணும்" என்பாய். அந்த விருந்துக்குத்தான் நான் போனேன்.

மே மாதத்துப் பாலைவனம் என்றால் என்ன என்று நாம் வீடியோவில் பார்த்தது ஒன்றுமே இல்லை. ஸ்டியரிங்கில் ஈரத்துண்டைச் சுற்றினால்தான் பிடிக்க முடிகிறது. காலையில் வெயில் ஏறுவதற்குள் ஓட்டிவிட்டு எங்கேயாவது ஒதுங்கிவிடுவேன். ஆனால் இறங்கி நின்றால் அன்னிய ஊர் மாதிரித் தெரியவில்லை. நம் வேலிக்காத்தான் அங்கேயும் இருக்கிறது. நம் கம்பு அங்கேயும் விளைகிறது. ஆடு மேய்க்கிறவர்கள் வானத்தைப் பார்க்கிற பார்வைகூட நம் ஊர்ப் பார்வைதான்.

ரோட்டோரம் ஒரு டீக்கடை. கமலா என்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், முக்காடு போட்டுக்கொண்டு டீ ஆற்றினாள். "சாய் சாஹியே" என்றேன், எனக்குத் தெரிந்த அதட்டல் இந்தியில். அவள் சிரித்தாள். சிரிப்பு வருவதற்கு முன்னால் முக்காட்டின் ஓரம் வாய்க்கு வந்துவிட்டது. டீ தம்ளரை வாங்கின கை எனக்கு அப்படியே நின்றுவிட்டது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. வெயில் தாழும் வரை உள்ளே வந்து இரு என்று கூப்பிட்டாள். உள்ளே கயிற்றுக்கட்டிலில் அவள் மாமியார் சாய்ந்து கிடந்தார். முதுகு வளைந்து, முட்டி மடங்கிய மேனிக்கு. நான் எதையும் யோசிக்கவில்லை, அக்கா. தலைமாட்டில் நிற்காமல் நேராகக் கால்மாட்டுப் பக்கம் சுற்றிப் போய், அந்தம்மாவின் கண்ணுக்கு நேராகக் குனிந்து கும்பிட்டேன். உன் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நாம் சொல்வோமே, "பக்கத்துல நிக்காதீங்க, அவளால திரும்ப முடியாது, காலுகிட்ட நில்லுங்க" என்று. அந்தப் பழக்கம்.

கமலா என்னையே பார்த்தாள். இதை வீட்டில் பார்த்துப் பழகியவள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "உங்கள் வீட்டில் யார்?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இந்தியில் அது ஒன்று புரிந்தது. போனை எடுத்து உன் படத்தைக் காட்டினேன்.

அவள் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். "கௌன் காவ்?" என்றாள். எந்த ஊர்? பக்கத்து ஊர்ப் பெயர் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்கிறாள். "மதராஸ், மதராஸ் பக்கம்" என்றதும் நம்பாமல் தலையை ஆட்டினாள். போனைக் கொண்டுபோய் மாமியாரின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அந்தம்மா பார்த்தார், ஏதோ சொன்னார், சிரித்தார். அந்தம்மாவுக்கும் கை மேலே போகவில்லை. நீ சிரித்த மாதிரியே, அக்கா, ஒன்றும் மறைக்காத சிரிப்பு. நான் அங்கே உட்கார்ந்து அழுதேன். உன் சாவுக்கு அழாததெல்லாம் சேர்த்து அழுதேன்.

சாயங்காலம் எங்கள் மூன்று பேரையும் கமலாவின் வீட்டுக்காரர் என் போனில் ஒரு படம் எடுத்தார். கட்டிலில் மாமியார், ஒரு பக்கம் கமலா, ஒரு பக்கம் நான். கமலா ஏதோ முடிவு பண்ணியவள் மாதிரி முக்காட்டை விலக்கிவிட்டுச் சிரித்தாள். கம்பு ரொட்டியும் பூண்டு சட்னியும் கட்டிக் கொடுத்தாள். நான் பதிலுக்குக் கொஞ்சம் புளி கொடுத்தேன். பங்காளி வீட்டு விருந்து முடிந்தது.

பிகானேரில் லாட்ஜில் உட்கார்ந்துதான் அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்தேன். மாமியார் சிரிக்கிறார். கமலா சிரிக்கிறாள். நான் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு இருக்கிறேன். ஊரோடு சண்டை போட்டுவிட்டு வந்தவள், பிளக்ஸ் கடைக்காரரை மிரட்டிவிட்டு வந்தவள், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாமலே மூடியிருக்கிறேன். உன் பல்லை ஊருக்குக் காட்டக் கிளம்பியவளுக்குத் தன் பல்லைக் காட்ட வரவில்லை. நித்யா எதற்காக ஒரு வார்த்தையும் பேசாமல் கதவோரம் நின்றாள் என்று அப்போதுதான் விளங்கிற்று. அவளிடம் நான் கேட்டது என்ன? நான் செய்யாததை நீ செய் என்று கேட்டிருக்கிறேன்.

மலைக்கு ஏறினேன். சிம்லா தாண்டி, கின்னோர் தாண்டி. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளத்தில் ஆறு. ஆல்டோ முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறியது. ஓரிடத்தில் எதிரே லாரி வந்துவிட்டது. ஒதுங்க இடமில்லை, நான்தான் பின்னால் போக வேண்டும். கழுத்து திரும்பவில்லை. உடம்பைத் திருப்பினால் பிரேக்கில் கால் எட்டவில்லை. லாரிக்காரர் இறங்கி வந்து, நான் எடுத்துத் தரட்டுமா என்று சைகையில் கேட்டார். வேண்டாம் என்றேன். மழைக்காலத்தில் சித்தேரி மலையடிவாரத்துச் சந்துகளில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேனைக் கண்ணாடி பார்த்தே பின்னால் எடுக்கிறவள் நான். இரண்டு கண்ணாடியையும் கீழே திருப்பி, சக்கரத்தையும் ரோட்டின் விளிம்பையும் பார்த்து, அங்குலம் அங்குலமாகப் போனேன். வண்டி ஒரு விரற்கடைகூட விலகவில்லை. லாரிக்காரர் கடந்து போகும்போது ஹாரன் அடித்து ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார்.

உனக்குப் பனித்தண்ணீர் ஒன்று கடன் பாக்கி இருந்தது. "பனி உருகி வர்ற தண்ணியில ஒண்ணும் கலந்திருக்காது இல்லடி? அதுல ஒரு சொம்பு குடிச்சிப் பாக்கணும்" என்பாயே. காசாவுக்கு வருகிற வழியில் ரோட்டை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. பாட்டிலில் பிடித்தேன். ஊருக்குக் கொண்டுவந்து உன் தலைமாட்டில் ஊற்றலாம் என்றுதான் பிடித்தேன். கொஞ்ச தூரம் வந்ததும் மனசு மாறிவிட்டது. செத்த பிறகு ஊற்றி என்ன பிரயோஜனம்? பல் முளைக்கிற வயதில் உனக்குக் கிடைத்திருக்க வேண்டிய தண்ணீர் அது. எனக்கு ஆத்திரமாக வந்தது. நானே குடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ருசி ஒன்றும் இல்லை, பல் கூசுகிற மாதிரி சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

நேற்று ஆற்றங்கரையில் காரை நிறுத்திக் களி கிண்டினேன். இங்கேதான் உன் தங்கை ஒரு முட்டாள்தனம் செய்தாள். நம் ஊர்க் கணக்கிலேயே நொய்யை உலையில் போட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, நொய் மட்டும் வேகமாட்டேன் என்கிறது. கேஸ் தீரப் போகிறது, நொய் கல்லாகவே கிடக்கிறது. பொறுமை இல்லாமல் மாவைக் கொட்டிக் கிண்டி உருட்டிவிட்டேன். வாயில் போட்டால் நறநறவென்கிறது. தங்கியிருக்கிற வீட்டு அம்மாவிடம் கேட்டேன். உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுமாம், ஆனால் அந்தக் கொதியில் போதுமான சூடு இருக்காதாம். இங்கே குக்கர் இல்லாமல் யாரும் அரிசி வைப்பதில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "இமயமலைக்கே போயி களியக் கெடுத்த மொத பொம்பள நீதாண்டி." உன் குரலிலேயே அது காதில் விழுந்தது. ஆள் இல்லாத ஆற்றங்கரையில் நறநறக்கிற களியை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தேன். நிற்கவில்லை. கை மேலே வந்தது. அக்கா, அந்தக் கையை நான் பார்த்தேன். பார்த்து, இறக்கி, மடியில் வைத்தேன். போனை பானெட் மேல் சாய்த்துவைத்து, டைமர் போட்டு, பின்னால் பனிமலை தெரிய ஒரு படம் எடுத்தேன். என் பல் அத்தனையும் தெரிகிறது. வயசான குதிரை மாதிரி இருக்கிறேன். அதை நித்யாவுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தை எழுதவில்லை.

இன்று காலையில் அவள் போன் வந்தது.

"சித்தி, போட்டோ பாத்தேன்."

"ம்."

"பென்னாகரத்துக்காரங்க ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றதா இருந்தாங்க. தரகர் கிட்ட குடுத்தது டச்சப் பண்ண போட்டோதான? நேத்து ராத்திரி நானே அவங்களுக்கு வேற போட்டோ அனுப்பிட்டேன். சிரிச்ச மாதிரி. பல்லு தெரியற மாதிரி."

"என்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. பாத்துட்டாங்க, வாட்ஸ்அப்புல நீலக்கோடு வந்துருச்சி." அவளே தொடர்ந்தாள். "வந்தா வரட்டும் சித்தி, வராட்டிப் போவட்டும். வந்து பாத்துட்டு எந்திரிச்சிப் போறதுக்கு வராமயே இருக்கலாம். அம்மா பிளக்ஸ்ல கீழ எம்போட்டோவும் போடுவாங்க இல்ல? இதையே போட்ருங்க."

அதற்குள் போன் கை மாறிவிட்டது. மாமாவின் இருமல் கேட்டது. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"ராஜி, உங்க அக்கா போட்டோவ இப்பத்தான் பாப்பா காமிச்சா. டச்சப் பண்ணாதத."

"சொல்லுங்க மாமா."

"பிளக்ஸ்ல அது யாரோ மாதிரி இருந்திச்சி. எதுக்கு அவ இப்பிடிச் சிரிக்கறா?"

நான் இந்தி பேசிய கதையைச் சொன்னேன். தண்ணிக்கு வரி கேட்கிற கதை. அவர் சிரிக்கவில்லை.

"முப்பது வருசம் குடும்பம் பண்ணியிருக்கேன்," என்றார். "இப்பிடிச் சிரிப்பான்னே எனக்குத் தெரியாது."

அப்புறம், "வண்டியப் பாத்து ஓட்டிக்கிட்டு வந்து சேரு" என்று வைத்துவிட்டார். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. ஆனால் நான் அறிந்த மாமா, போடாதே என்றால் மூன்று தடவை சொல்லியிருப்பார்.

பென்னாகரத்துக்காரர்கள் வருவார்களா, தெரியாது. வராவிட்டால் நித்யா ஒரு நாள் அழுவாள். அதற்கு நான் ஊரில் இருக்க வேண்டும். வந்தால் அவள் பல்லை முழுசாகப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று தெரிந்து காபி கொடுக்கலாம். எனக்கு அப்படி ஒரு காபி கொடுக்க வாய்க்கவில்லை. அவளுக்காவது வாய்க்குமா, அக்கா?

நாளைக் காலையில் வண்டியைத் திருப்புகிறேன். இறக்கம் முழுக்க இரண்டாம் கியர், அவசரமில்லை. நாகௌரில் கமலாவுக்கு அந்தப் படத்தின் பிரிண்ட் ஒன்று கொடுக்க வேண்டும். அப்படியே மறுபடியும் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும், இந்த முறை மூன்று பேரும் சிரிக்க. ஆனி பிறப்பதற்குள் காரிமங்கலத்தில் இருப்பேன்.

அந்தக் கடைக்காரரின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவேன். பழக்கதோஷத்தில் அவர் உன் பல்லுக்குப் போனால் தடுப்பேன். நடுவில் நீ, கீழே வட்டத்தில் நித்யா, இன்னொரு வட்டத்தில் பனிமலைக்கு முன்னால் நான். மாமா மட்டும் உர்ரென்று இருப்பார், அது அவர் சுபாவம், அதற்கு டச்சப் கிடையாது. உங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில், எல்லா பஸ்ஸும் நிற்கிற இடத்தில் கட்டுவேன். காற்றில் கிழிந்தால் மறுபடி கட்டுவேன்.

கை தூக்க முடியாமல் போன பிறகு உனக்குக் கிடைத்த சிரிப்பு அது. இனி எந்தக் கையும் அதை மூட விடமாட்டேன்.

வாயை மூடாமல் சிரிக்கக் கற்றுக்கொண்டிருக்கும்,
உன் கூடப்பிறந்தவள்,
ராஜி